ஒன்பது புள்ளியில் மூன்று குறைந்த நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் என் கையெழுத்தும் மளிகைச் சீட்டும்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறெங்காவது போய் நின்றேன் என்றால், கோபித்துக்கொள்ளாமல் நீங்களே என்னை இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆபீஸ் உதவியாளர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். வாயால் சொல்லச் சொன்னால் வரமாட்டேன் என்று தெரிந்துதான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் மேனேஜரிடம் நான் நேராக நின்று பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பால் தீர்ந்துவிட்டது என்பதைக்கூட மேகலாவிடம் சொல்லுவேன், மேகலா அவரிடம் சொல்லுவாள். அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். இருந்தாலும் மேகலா சொன்ன பிறகுதான் தலையாட்டுவார். அவரும் நல்ல மனுஷர்தான்.

டீ எப்படிப் போடுவது, எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்பதெல்லாம் உங்களுக்கு யாராவது காட்டிக் கொடுப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். ஒரு ஆயுத பூஜையில் நான் செய்த தப்பையும், மறுநாள் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று டீத் தட்டோடு நின்ற நேரத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. விவசாயிகள் கொண்டுவருகிற தக்காளியை வாங்கி, தரம் பிரித்து, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி வெளியூருக்கு லாரியில் அனுப்புவது கம்பெனியின் வேலை. நான் முதலில் பின்பக்க ஷெட்டில் தக்காளி பிரிக்கத்தான் சேர்ந்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்று சொன்ன பிறகு என்னை ஆபீசுக்குள் மாற்றினார்கள். ஷெட்டில் கிரேட்டு எண்ணி எண்ணி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் எது வரிசையாக இருந்தாலும் மனசு அதுவாக எண்ணிவிடும். பஸ் ஜன்னல் கம்பி, பந்தியில் போட்ட இலை, மேனேஜர் சட்டைப் பொத்தான், எதுவாக இருந்தாலும். இதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள்ளும் ஒன்றும் கிடையாது. சரக்கு விவரம், லாரி புறப்படுவதற்குக் கொடுக்கும் சீட்டு எல்லாம் சேலத்தில் தலைமை ஆபீசில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. இங்கே உட்கார்ந்துகொண்டே அதைத் திறந்து வேலை செய்ய வேண்டும். ரிமோட் என்பார்கள். திறப்பதற்குப் பாஸ்வேர்டு. லைன் அறுந்தால் மறுபடியும் பாஸ்வேர்டு. மேகலா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் அதற்கும் ஒரு பாஸ்வேர்டு. எங்கள் ஊரில் மேகம் கறுத்தாலே லைன் அறுந்துவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அடிப்பாள்.

பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால், இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன், நானே ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமாம். மேகலா தினமும் டிக் போடுவாள். அதுவும் சரி என்று வாங்கிக்கொள்ளும். அடுத்த தடவை போய் நின்றால் முகம் தெரியாத ஆள் மாதிரி மறுபடியும் கேட்கும். இதில் என்ன வேடிக்கை என்றால், ஆபீசின் பெயரை மட்டும் அது மறக்காது. பெயர் தானாகவே மேலே வந்து நிற்கும், பாஸ்வேர்டுக்கான இடம்தான் காலியாக இருக்கும். கல்யாண வீட்டில் சில பேர் இப்படி இருப்பார்கள். வாங்க வாங்க என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நீங்க யார் வூட்டுக்குச் சொந்தம் என்று கேட்பார்கள்.

இது ஏன் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மேகலா அவசரமாக டிக் போடுகிறாள், அது பதிவதற்குள் கையை எடுத்துவிடுகிறாள் என்பது மேனேஜரின் கணிப்பு. அவரே உட்கார்ந்து அந்தக் கட்டத்தின் மேல் மவுஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணுவார். கண்ணைக்கூட மூடிக்கொள்வார். தராசு பழுதுபார்க்க வந்த ஒருவர், கம்ப்யூட்டர் தெற்கே பார்த்து இருக்கிறது, அதனால்தான் எதுவும் தங்கவில்லை என்றார். மேசையோடு கிழக்கே திருப்பினோம். காலை வெயில் நேராகத் திரையில் அடித்து ஒன்றுமே தெரியவில்லை. மேகலா இரண்டு நாள் தலையில் துப்பட்டாவைப் போட்டுத் திரையையும் சேர்த்து மூடிக்கொண்டு, ஆவி பிடிப்பது போல உட்கார்ந்து வேலை செய்தாள். மூன்றாம் நாள் மறுபடி தெற்கே திருப்பினோம்.

சேலத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி இருந்தார். போனில் குரல் மட்டும்தான், முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இந்த வேலையில் எனக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தவர் என்றால் அவர்தான். ஆனால் இந்த டிக் விஷயத்தில் மட்டும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. டிக் போட்டீங்களா என்பார். போட்டோம் என்பாள் மேகலா. எடுத்துட்டு மறுபடி போடுங்க என்பார். வயிற்றுவலியோ தலைவலியோ எது வந்தாலும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டர் போல.

எழுதி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதினோம். மேனேஜர் ஒரு நாள் அவசரத்தில் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் தாளில் பாஸ்வேர்டை எழுதி வைத்தார். தினமும் காலையில் வந்ததும் பழைய தாளைக் கிழிப்பது என் வேலை. கிழித்தேன். கிழித்த தாளை வீணாக்க மனசு வராமல் சேர்த்து வைத்து எதிர் டீக்கடைக்குக் கொடுப்பேன். அன்றைக்கு மேகலா லீவு. எங்கள் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டு மேனேஜர் டீக்கடைக்குப் போனபோது, அதில் இரண்டு மிளகாய் பஜ்ஜி மடித்து யாரோ வாங்கிப் போய்விட்டிருந்தார்கள். அதோடு எழுதி வைக்கும் பேச்சு முடிந்தது. எல்லாம் மேகலாவின் தலைக்குள்தான்.

மேகலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொம்மிடியிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற பெண். தற்காலிக வேலை. அந்த மாதக் கடைசியில் நிரந்தரம் செய்துவிடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தை நம்பித்தான் அவள் தம்பியின் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. என்னை ஆயாம்மா என்று கூப்பிடுவாள். நான் டீயோடு அவள் பின்னால் வந்து நிற்கும் நேரமெல்லாம் அவள் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருப்பாள். திரையில் எழுத்து தெரியாது, கறுப்புக் கறுப்பாகப் புள்ளிதான் விழும். ஆங்கிலம் எனக்குத் தெரியாது. அந்தத் திரையில் எனக்குப் படிக்கத் தெரிந்தது அந்தப் புள்ளிகள் மட்டும்தான். ஒன்பது. ஒன்பதாவது புள்ளி விழுந்ததும் திரை நீலமாகத் திறக்கும். "எண்ணியாச்சா ஆயாம்மா?" என்று திரும்பாமலே கேட்பாள். ஆச்சு கண்ணு என்பேன். இது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

வேறு கிளையில் எங்கோ பிரிண்டருக்குள் பூவும் குங்குமமும் போய் அது நின்றுபோனதாம். அதனால் அந்த வருஷம் சேலத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குத் திரையின் ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு, வேறெங்கும் வைக்கக் கூடாது. மேனேஜர் என்னைப் பார்த்தும் பார்க்காமலும் இதைச் சொன்னார், மேகலா என்னிடம் திருப்பிச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

தராசுக்கு வைத்தேன். பீரோவுக்கு வைத்தேன். கிரேட்டு வண்டிக்கு, ஸ்டேப்ளருக்கு, டீ அடுப்புக்கு வைத்தேன். கம்ப்யூட்டர் திரைக்கு ஓரத்தில் ஒன்று. கீழே பார்த்தால் கீபோர்டு வெறும் நெற்றியோடு கிடக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. திரை சும்மா நிற்கிறது, அதற்குப் பொட்டு. நாள் முழுக்க அடி வாங்குவது இது, இதற்கு ஒன்றும் இல்லையா? எல்லோரும் பொரி கடலை வாங்க வெளியே போன நேரம் பார்த்து ஒரே ஒரு பொட்டு வைத்தேன். எங்கே வைப்பது என்று பார்த்தேன். நடு வரிசையில் இடது கைப்பக்கம் ஒரு எழுத்து, மேலே அச்சே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. பாவம், அதிகமாக உழைப்பது இதுதான் என்று அதன் தலையில் வைத்தேன்.

சந்தனத்தைப் பன்னீரில் கொஞ்சம் தாராளமாகக் கரைத்திருந்தேன். பொட்டு நிற்காமல் எழுத்தின் ஓரமாக உள்ளே இறங்கியது. இறங்கினால் என்ன, குளிர்ச்சிதானே என்று மேலே குங்குமத்தையும் வைத்து, துணியைப் போட்டு மூடிவிட்டேன். பூஜை வைத்த எதையும் அன்றைக்குத் தொடக் கூடாது என்பதால் யாரும் துணியை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து ஈரத்துணியால் துடைத்தேன். வெளியே ஒரு தடமும் இல்லை.

விஜயதசமி. முதல் லோடு. விடிவதற்கு முன்பே தக்காளி ஏற்றி, லாரி வாசலில் நின்றது. முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய ஈரம். டிரைவர் ராயக்கோட்டைக்காரர், குளித்துத் திருநீறு இட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தார். சீட்டு வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான் பாக்கி.

மேகலா அடித்தாள். திரை திறக்கவில்லை, தப்பு என்றது. நான் டீத் தட்டோடு பின்னால் நின்றேன். ஆறு புள்ளி. நான்தான் சரியாக எண்ணவில்லை என்று நினைத்தேன். மறுபடி அடித்தாள். ஆறு. மூன்றாவது தடவை மெதுவாக ஒவ்வொன்றாக அழுத்தினாள். அப்போதும் ஆறுதான். மூன்று தப்பு ஆகிவிட்டால் சேலத்துக் கம்ப்யூட்டர் கதவைச் சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டது.

மேனேஜர் சேலத்துத் தம்பிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். தம்பி பூட்டைத் திறந்துவிட்டார். டிக் போட்டீங்களா என்றும் கேட்டார். இப்போது டிக் எங்கேப்பா, உள்ளேயே விட மாட்டேங்குது என்றார் மேனேஜர். மேகலா சொல்லச் சொல்ல அவரே உட்கார்ந்து, ஆணி அடிப்பது போல ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். ஆறு புள்ளி. மூன்று தடவையும் அதேதான், மறுபடி பூட்டிக்கொண்டது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏற ஏற லாரியின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்பாக விழ ஆரம்பித்தது. டிரைவர் உள்ளே வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"சார், இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே நின்னா வண்டியில தக்காளி போகாதுங்க. ரசம்தான் போகும்."

மேனேஜர் திரையை முறைத்தார். டிரைவரும் விடவில்லை. லாரிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினோம், கம்ப்யூட்டருக்கு நசுக்கினீர்களா என்று கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். மேனேஜர் ஒரு நிமிஷம் மவுஸைத் தூக்கி அடியில் பார்த்தார். என்ன யோசித்தார் என்று தெரியவில்லை, அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

அப்புறம் அந்தக் கோபம் எங்கே போகும்? மேகலா பக்கம்தான் போனது. பூஜைக்கு முதல் நாள் அவர் அவளை ஏதோ கடிந்து பேசியிருந்தார். பாஸ்வேர்டு தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். கோபத்தில் மாற்றி வைத்துவிட்டுத் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். நான் ஏன் சார் மாத்தப் போறேன் என்றாள். மேசைச் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, நிரந்தர வேலை பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். அவள் சாவியை வைத்தாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே படியில் போய் நின்றாள். போகவும் மனசில்லை, உள்ளே வரவும் முடியவில்லை.

சேலத்துத் தம்பி புதிதாக ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார். ஸ்பீக்கரில், டிரைவருக்கும் வாசலில் நின்ற விவசாயிகளுக்கும் கேட்கும்படி ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னார். மேனேஜர் ஒவ்வொன்றாகக் குத்தினார். என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது, ஆனால் தம்பி எத்தனை தடவை வாய் திறந்தார் என்று தெரியும். எட்டு. திரையில் விழுந்த புள்ளி ஐந்து.

பிள்ளைகளே, இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எட்டுச் சொன்னால் ஐந்து விழுகிறது, அது மட்டும் தெரியும். அது முக்கியமா என்றுகூடத் தெரியாது. நமக்கென்ன தெரியும், படித்தவர்கள் பார்க்கிறார்கள் என்று சும்மா இருப்பதுதான் என் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஆனால் நான் எதையும் சொல்லி அனுப்பும் ஆள் வாசப்படியில் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பதிலாகப் பேச வேறு யாரும் இல்லை.

மேனேஜரைப் பார்த்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. போனைப் பார்த்தேன். அதற்கு முகம் இல்லை. முகம் இல்லாதவரிடம் பேசுவது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்து பேசினேன்.

"தம்பி, புள்ளி மூணு குறையுதுங்க."

தம்பி கேட்டார், "யாருங்க பேசறது?"

"நான்தானுங்க, டீ வெக்கறவ."

"என்ன புள்ளிங்க அம்மா?"

"நீங்க எட்டு சொன்னீங்க. இங்க அஞ்சுதான் விழுந்துது. காத்தாலையும் அப்படித்தான். ஒம்போது விழோணும், ஆறுதான் விழுந்துது."

மேனேஜர் என்னை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். தம்பிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தை விடுங்க, எழுத்து தெரியும் இடத்தில் உங்கள் பெயரை அடித்துப் பாருங்க என்றார். மேனேஜர் தன் பெயரை அடித்தார். பாதிப் பெயர்தான் வந்தது. அந்த ஒரு எழுத்து எங்கெல்லாம் வர வேண்டுமோ அங்கெல்லாம் ஓட்டை. தம்பி அப்போது சொன்னதை நான் மறக்கவே இல்லை. "அம்மா, நீங்க பாத்ததை மட்டும் சொன்னீங்க பாருங்க, அது போதுங்க. மத்தவங்க எல்லாம் காரணம் சொன்னாங்க." இதுதான் அவரிடம் நான் கற்றுக்கொண்டது. உங்களுக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. கண்ணில் பட்டதைப் பட்டபடி சொல்லுங்கள், காரணத்தை அவர்கள் தேடிக்கொள்வார்கள்.

பாடம் இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி அடுத்துக் கேட்டார், கீபோர்டுக்குள் ஏதாவது விழுந்ததா என்று.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்த எழுத்து, நடு வரிசை, இடது கைப்பக்கம்.

ஆனால் என்னைவிட அதிகமாக முகம் வெளுத்தவர் மேனேஜர். கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டச் சொன்னார் தம்பி. மேனேஜர் தட்டினார். பொரி விழுந்தது. அது நேற்றைய பொரி இல்லை, மாதக்கணக்கில் அவர் அங்கே உட்கார்ந்து தின்ற பொரி. கூடவே பொட்டுக்கடலை, வேர்க்கடலைத் தோல், முறுக்குத் துண்டு, ஒரு முந்திரி. டிரைவர் அந்த முந்திரியை எடுத்துப் பார்த்துவிட்டு, கம்பெனி நல்லாத்தான் நடக்குது என்றார். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு, என் பேர்லதான் தப்பு, அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க என்றார்.

மேகலா உள்ளே வந்தாள். சாவி அவள் கைக்குப் போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை. யாருக்கும் சந்தேகமும் இல்லை. மேகலா தப்பித்தாள், பழி பொரியின் மேல். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். இரண்டடி போகவும் போனேன். திரும்பிப் பார்த்தால், மேனேஜர் சீமாற்றுக் குச்சி ஒன்றை வைத்து அந்த எழுத்தைக் குடைந்துகொண்டிருந்தார். பொரி, பொரி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் பத்து வரைக்கும் எண்ணிக் கண்ணை மூடியது ஞாபகம் வந்தது. மேகலாவைச் செய்யாத ஒரு தப்புக்கு நிற்க வைத்தார், அது பொறுக்காமல்தானே நான் வாய் திறந்தேன். இப்போது இவர் நிற்கிறார்.

இந்தத் தடவை போனைப் பார்த்துப் பேசவில்லை. அவரைப் பார்த்தேன் என்றும் சொல்ல முடியாது, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன்.

"பொரி இல்லைங்க சார். பொட்டுங்க. நான்தான் வெச்சேன்."

குச்சி நின்றது. "கீபோர்டுக்கு எதுக்குங்க ஆயாம்மா பொட்டு?"

"அதுதானுங்க சார் எந்நேரமும் அடி வாங்குது."

மேகலாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள், அழுத முகத்தோடு துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு. டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குச்சியால் அந்த எழுத்தை நெம்பி எடுத்தால், அடியில் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்துபோய், கருவறை போல மங்களகரமாக இருந்தது. மேனேஜர் திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் போனைப் பார்த்தார். போனிலிருந்து தம்பி மெதுவாக, சார், நானும் ஒண்ணு சொல்லிடறேங்க என்றார்.

விஷயம் இதுதான். பாஸ்வேர்டு ஞாபகத்தில் நிற்காததற்குக் காரணம் மேகலாவின் அவசரமும் இல்லை, தெற்குத் திசையும் இல்லை. சேலத்துக் கம்ப்யூட்டரில் பாதுகாப்புக்காக, யார் வந்தாலும் எப்போது வந்தாலும் பாஸ்வேர்டு கேள் என்று ஒரு உத்தரவு போட்டிருந்ததாம். போட்டது அந்தத் தம்பிதான். போட்டதை மறந்துவிட்டார். போன மாதம்தான் கண்ணில் பட்டது. இத்தனை நாள் டிக் போடுங்க, எடுத்துட்டுப் போடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

மேனேஜர் அந்த டிக் கட்டத்தை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தார்.

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் சொல்லும்போது நானும் சொல்லிவிடுகிறேன், போன வாரம் கேட்டுக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தைச் சாய்த்தது காற்று இல்லை, நான்தான், ரிவர்சில் வந்தபோது என்றார். அது யாரும் கேட்காத விஷயம்.

இன்னும் சீட்டு அடித்தாகவில்லை. அந்த எழுத்து வராத பாஸ்வேர்டு ஒன்று வேண்டும். மேனேஜர் மகள் பெயரைச் சொன்னார், அதில் அந்த எழுத்து வந்தது. குலதெய்வத்தைச் சொன்னார், அதிலும் வந்தது. ஊர் பெயரிலும் வந்தது. எழுத்தும் இருக்க வேண்டும், எண்ணும் இருக்க வேண்டும், அந்த ஒன்று மட்டும் இருக்கக் கூடாது என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோது, மேகலா வாசலைப் பார்த்தாள். வாழைக்கன்றுக்குக் கீழே லாரியின் நம்பர் பலகை தெரிந்தது. அதையே போட்டார்கள். பத்து புள்ளி. பத்தும் விழுந்தன. திரை நீலமாகத் திறந்தது. "எண்ணியாச்சா ஆயாம்மா?" என்றாள் மேகலா. அத்தனை பேருக்கு முன்னால் சத்தமாகவே ஆச்சு கண்ணு என்றேன்.

லாரி போனது. போன வழியெல்லாம் சிவப்பாகக் கோடு போட்டுக்கொண்டு போனது, ஆனால் போனது. மேனேஜர் மேகலாவிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. மிச்சமிருந்த பொரிப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. கீபோர்டு புதிதாக வந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு அதற்கென்று ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டார் மேனேஜர். உறைக்கு மேல வெச்சுக்கச் சொல்லு என்று மேகலாவிடம் சொன்னார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

தம்பி அந்த உத்தரவை எடுத்துவிட்டார். டிக் கட்டம் வேலை செய்ய ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொண்டது, உடனே நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். மாதக்கணக்கில் யாரும் அதை அடிக்கவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் பழுதாகி, சரிசெய்து திரும்பி வந்ததும் மறுபடியும் காலி இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மேகலாவுக்கு நினைவில்லை, மேனேஜருக்கு நினைவில்லை. எனக்குப் பத்து என்று மட்டும் தெரியும். தம்பி சபரிமலைக்குப் போயிருந்தார். கடைசியில் மேனேஜர் டிரைவருக்குப் போன் போட்டு, உங்க வண்டி நம்பர் என்னங்க என்று கேட்டார்.

டிரைவர் படபடவென்று சொன்னார், "சார், அன்னைக்கு நான் அந்த ரோட்டுப் பக்கமே போகலைங்க."

எந்த ரோடு என்று நாங்கள் இன்றுவரை கேட்கவில்லை. நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

எனக்கு எழுத வந்தது இவ்வளவுதான். இதில் தப்பு இருக்கும். முதல் பாஸ்வேர்டு ஒன்பது என்பது நிச்சயம். தம்பி ஸ்பீக்கரில் சொன்னது எட்டா ஏழா என்று இப்போது எழுதும்போது சந்தேகம் வருகிறது. முந்திரி ஒன்றா இரண்டா என்பதும் தெரியவில்லை. மேகலா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், ஒரு தடவை அவளிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். லாரி நம்பரை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பாஸ்வேர்டை இன்னும் மாற்றவில்லை என்று கேள்விப்பட்டேன். நேற்று பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வண்டி தக்காளி ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் போனது. பாஸ்வேர்டை நெற்றியில் எழுதிக்கொண்டு அத்தனை பேருக்கும் காட்டிக்கொண்டே போனது. நான் எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருந்தது.